கடிகாரம் 2001இல் நின்றிருந்தது: ஹட்டனில் ஒரு மடிக்கணினியை இணையம் வழியாக மீட்ட நிகழ்வு ஆய்வு

2024 ஜூலை 13, சனிக்கிழமை. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் விடிந்ததிலிருந்து மழை. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், நோர்வூட், டிக்கோயா வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கணினி பழுதுபார்க்கும் என் கடைக்குள் வந்தார். இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் சுற்றியிருந்த மடிக்கணினியைப் பிரித்து மேசையில் வைத்தார். அது 2015இல் வெளிவந்த 13 அங்குல மெக்புக் ஏர், 128 ஜிபி சேமிப்பகம் கொண்டது. கனடாவில் இருக்கும் தாய்மாமன், தான் புதியது வாங்கியபோது பழையதை இவருக்கு அனுப்பியிருக்கிறார்.

“அண்ணா, இது திரும்ப வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துத் தாருங்கள்” என்றார்.

உள்ளே இருந்தது காமன் கூத்து, மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடும் மன்மதன் கதைக் கூத்து. பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வுக்காக, மூன்று தோட்டங்களில் மாசி மாதம் முழுவதும் இரவு இரவாக விழித்திருந்து பதிவுசெய்த ஒலிக்கோப்புகள், ஏறத்தாழ 22 ஜிபி. பாடிய பெரியவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு வேலையின் வரிசை தெளிவாகிவிட்டது. முதலில் கோப்புகள், பிறகுதான் கணினி.

நடந்தது இதுதான். மெக் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்பிலிருந்து அதற்கடுத்த மொன்டரே பதிப்புக்கு மாறும் மேம்படுத்தலைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். நள்ளிரவில் காற்றுக்கு மரம் சாய்ந்து, அவர் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மின்சாரம் நின்றுவிட்டது. பெட்டரி ஏற்கெனவே தளர்ந்து போனது. சில நிமிடம்கூடத் தாங்கவில்லை. காலையில் திறந்தால் அப்பிள் சின்னம், அதன் கீழே பாதியில் நிற்கும் கோடு, பிறகு குறுக்குக் கோடு போட்ட வட்டம். இயங்குதளத்தைக் கணினி கண்டுகொள்கிறது, ஆனால் அதைக்கொண்டு எழும்ப முடியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவருக்குத் தெரிந்த ஒருவர் கைபேசியில் வழி சொல்லியிருக்கிறார்: இணையம் வழியாகவே இயங்குதளத்தைத் திரும்பப் போடலாம், சில விசைகளை அழுத்திக்கொண்டு திறந்தால் போதும் என்று. இது உண்மைதான். 2011இல் ‘லயன்’ பதிப்போடு அப்பிள் நிறுவனம் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இயங்குதளம் போடுவதென்றால் கணினியோடு வந்த இறுவட்டைத் தேட வேண்டும். இப்போது வட்டில் எதுவுமே மிஞ்சாவிட்டாலும், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறிய மென்பொருள் வைஃபையில் சேர்ந்து, நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து மீட்புச் சூழல் ஒன்றை இறக்கி, அதை நினைவகத்தில் வைத்தே இயக்கும். இறங்கும் நேரம் முழுவதும் திரையில் ஒரு பூமி உருண்டை சுழன்றுகொண்டிருக்கும்.

ஆசிரியை வீட்டில் அந்த உருண்டையை நான்கு முறை பார்த்திருக்கிறார். நான்கு முறையும் பாதி வழியில் முக்கோண ஆச்சரியக்குறியும் 2102எஃப் என்ற குறியீடும் வந்திருக்கின்றன. இந்தக் குறியீட்டை இணைப்பு அறுந்த நேரங்களில்தான் நான் கண்டிருக்கிறேன். அவருடைய லயம் பள்ளத்தில் இருக்கிறது. கைபேசியை ஜன்னல் கட்டையில் ஒரு குறிப்பிட்ட மூலையில் வைத்தால்தான் 4ஜி கிடைக்கும். அந்தக் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில்தான் இதையெல்லாம் செய்திருக்கிறார். 4ஜி வழியாகவே குரல் அழைப்பை எடுக்கத் தெரியாத பழைய கைபேசி அது. சாதாரண அழைப்பு ஒன்று வந்தாலே அது பழைய தலைமுறை வலையமைப்புக்கு இறங்கி, தரவை நிறுத்திவிடும். யாராவது ஒருவர் அழைத்தால் உருண்டை நின்றுவிடும். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மலையேறிய நாடு இது. அந்தப் பிள்ளைகளின் ஆசிரியைக்கு அரை ஜிபி இறக்குவதே பெரும்பாடாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

சொல்லத் தவறக்கூடாத ஒன்று இருக்கிறது. அவருக்கு வழி சொன்னவர் அடுத்த ஆலோசனையாக, “ஷிஃப்ட், ஒப்ஷன், கொமாண்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், சின்ன பதிப்பு இறங்கும், டேட்டா மிச்சம்” என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியை அதைச் செய்யாமல் பஸ் ஏறியதுதான் இந்த நிகழ்வில் நடந்த மிக நல்ல காரியம்.

காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். இன்டெல் சில்லுள்ள மெக் கணினிகளில் மூன்று விசைக் கூட்டுகள் இருக்கின்றன. கொமாண்ட், ஆர் இரண்டையும் அழுத்தினால் வட்டிலேயே இருக்கும் மீட்புப் பகுதி திறக்கும். அது பழுதாகியிருந்தால் தானாகவே இணையத்துக்குப் போகும். அவற்றோடு ஒப்ஷனையும் சேர்த்தால் அந்தக் கணினிக்கு ஏற்ற மிகப் புதிய பதிப்பு இணையத்திலிருந்து வரும். இந்தக் கணினிக்கு அது மொன்டரே. ஷிஃப்டையும் சேர்த்தால் கணினி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பதிப்பு, அல்லது இன்னும் கிடைப்பவற்றில் அதற்கு நெருங்கியது வரும். இந்தக் கணினியோடு வந்தது 2014ஆம் ஆண்டின் யொசமிட்டி. அளவில் மொன்டரேயின் பாதிதான், உண்மை. ஆனால் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை (கோப்புகளை வட்டில் எழுதி வைக்கும் முறை) மெக் கணினிகளுக்கு வந்ததே 2017இல், ஹை சியெரா பதிப்போடு. ஆசிரியையின் வட்டு அந்த முறைமையில் இருக்கிறது. யொசமிட்டி காலத்து மீட்புச் சூழலுக்கு அதைப் படிக்கவே தெரியாது. நல்ல வட்டையே அடையாளம் தெரியாத ஒன்றாகக் காட்டும். கோப்புகள் தெரியாத பதற்றத்தில் ‘அழி’ என்ற பொத்தானை அழுத்தினால் 22 ஜிபி காமன் கூத்தும் அந்த நிமிடத்தோடு போயிருக்கும். டேட்டா மிச்சப்படுத்தும் ஆலோசனை ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஒரு ஜிபியின் அருமை எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த ஆலோசனையை மறுக்க மனம் வராது.

பெட்டரி

கணினியை மேசைமேல் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் ஆடியது. அடிமூடியின் 10 திருகுகளையும் கழற்றிப் பார்த்தேன். பெட்டரியின் நடு அறைகள் இரண்டும் அப்பம் போல உப்பியிருந்தன. அதன்மேல் மின்னேற்றி இரவு முழுவதும் கணினியை ஓடவிடும் துணிச்சல் எனக்கில்லை. இணைப்பைப் பிரித்து, ஐந்து திருகுகளையும் எடுத்து, பெட்டரியை வெளியே வைத்தேன். கொழும்பிலிருந்து புதியது வர மூன்று நாளாகும். அதுவரை சார்ஜரில் மட்டும் ஓட்டலாம்; வேகம் மிகவும் குறையும், மின்சாரம் போனால் அந்த நொடியே அணையும், ஆனால் கோப்புகளை எடுக்க அது போதும்.

நான் செய்த இந்தச் சரியான காரியமே பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது. அதற்கு வருகிறேன்.

ஒப்ஷன், கொமாண்ட், ஆர் அழுத்தித் திறந்தேன். கடையின் 4ஜி ரவுட்டரில் சேர்த்தேன். உருண்டை சுழன்றது, பதினாறு, பதினேழு நிமிடத்தில் மீட்புச் சூழல் வந்துவிட்டது. (நுவரெலியா, எல்லப் பக்கத்து விடுதிகளில் இதை முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரும் அறை எண்ணும் கேட்டு ஒரு பக்கம் திறந்த பிறகே இணைய விடும் வைஃபையில் இந்த உருண்டை ஒருபோதும் நகராது; அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட அந்த நேரத்தில் உலாவி எதுவும் இல்லை.)

வட்டுகளைப் பார்க்கவும் சரிசெய்யவும் அதில் இருக்கும் டிஸ்க் யுடிலிட்டியில் வட்டு தெரிந்தது. 2019இல் வந்த கட்டலினா பதிப்பிலிருந்து இயங்குதளம் ஒரு பகுதியிலும் நம் கோப்புகள் இன்னொரு பகுதியிலும் தனித்தனியாக இருக்கின்றன. உடைந்தது முதலாவது, இரண்டாவது நலமாக இருந்தது. கடவுச்சொல்லை ஆசிரியையே தட்டினார், பூட்டுத் திறந்தது. அவர் கொண்டுவந்திருந்த வெளி வட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் இருந்தது. மெக் அதைப் படிக்கும், எழுதாது. என்னிடமிருந்த 500 ஜிபி வட்டை, மெக், விண்டோஸ் இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபெட் முறையில் வடிவமைத்து, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பெட்டரி இல்லாத கணினி மெதுவாகவே நகர்ந்தது. முக்கால் மணி நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. வெளியே பஸ் நிலையத்தில் நடத்துனர்கள் மஸ்கெலியா, மஸ்கெலியா என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் வட்டைக் கழற்றிக் கடையின் விண்டோஸ் கணினியில் சொருகி, கோப்புகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். எண்ணிக்கை மட்டும் போதாது, திறந்து கேட்க வேண்டும். நடுவிலிருந்து ஒன்றைத் தட்டினேன். முதலில் இருமல் ஒன்று, யாரோ வெற்றிலையைத் துப்பும் சத்தம், அடுத்து தப்பு மேளம் ஒலிக்கத் தொடங்கியது. பழுதுபார்க்கக் காத்திருந்த இன்னொருவர் தலையை நிமிர்த்தி, “எந்தத் தோட்டத்துக் காமன் இது?” என்று கேட்டார். ஆசிரியை பதில் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு கோப்புகளைத் திறந்து கேட்ட பிறகு, வட்டை அவர் கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

“சேவையகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை”

மாலை ஐந்தரைக்கு, மறுநிறுவலைத் தொடங்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். மீட்புச் சேவையகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வந்தது. திரும்ப அழுத்தினேன், அதே செய்தி. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: “மழைக்கு லைன் இல்லை.”

இந்தப் பதில் இங்கே எங்கள் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. எத்தனையோ முறை உண்மையாகவும் இருந்திருக்கிறது. அதனாலேயே அதற்கு மேல் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆனால் இதே ரவுட்டர், இதே மழையில், காலையில் அரை ஜிபிக்கு மேல் ஒரு தடையுமில்லாமல் இறக்கிக் கொடுத்திருக்கிறது. லைன் இல்லாவிட்டால் அது எப்படி வந்தது? மீட்புச் சூழலுக்குள்ளேயே இருக்கும் சஃபாரி உலாவியைத் திறந்தேன். பக்கம் எட்டியது, ஆனால் இந்தத் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று எச்சரித்தது. ஆகவே தொடர்பு கிடைக்கிறது, நம்பிக்கைதான் கிடைக்கவில்லை. டெர்மினலில் ‘டேட்’ என்று தட்டினேன். கணினி காட்டிய நாள், 2001 ஜனவரி 1.

இந்த வகை மடிக்கணினிகளில் கடிகாரத்துக்கென்று தனிச் சிறு மின்கலம் கிடையாது. பிரதான பெட்டரியே கடிகாரத்தையும் காக்கிறது. நான் அதைக் கழற்றிய நொடியில் கடிகாரம் தன் தொடக்க நாளுக்குப் போய்விட்டது. உருண்டை சுழலும் கட்டத்தில் இது ஒரு தடையாகவில்லை; அங்கே இறங்கும் கோப்பின் கையொப்பத்தைத்தான் கணினி சரிபார்க்கிறது. மறுநிறுவல் தொடங்கும்போது பாதுகாப்பான இணைப்பு வேண்டும், அதற்குச் சேவையகம் ஒரு சான்றிதழைக் காட்டும். ஒவ்வொரு சான்றிதழிலும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று இருக்கும். 2001இல் நிற்கும் கணினிக்கு 2024ஆம் ஆண்டுச் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. தேதி பொருந்தாத துண்டை நீட்டினால் கணக்கப்பிள்ளை வாங்க மாட்டார் அல்லவா, அதே கதைதான்.

தீர்வு ஒரு வரி. ‘டேட்’ என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கமாக எழுத வேண்டும். ஜூலை 13, மாலை 5.40 என்பதால் நான் எழுதியது 0713174024. மணி சிறிது முன்பின்னாக இருந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை. நாளும் ஆண்டும் சரியாக இருக்க வேண்டும். டெர்மினலை மூடி, மறுபடி மறுநிறுவல் பொத்தானை அழுத்தினேன். உரிம ஒப்பந்தம் திறந்தது. மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2019 அக்டோபர் 24ஆம் தேதி அப்பிளின் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. அதற்கு முன் பலர் இறக்கிச் சேமித்து வைத்திருந்த பழைய நிறுவிகள் ‘பழுதடைந்தவை’ என்று காட்டத் தொடங்கின. அப்போது கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி அவற்றை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். கடிகாரத்தை முதலில் பாருங்கள் என்று என் கடையில் பழகும் பையன்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, அதற்குச் செலவும் இல்லை.

12 ஜிபியும் எட்டு மணி நேரமும்

மொன்டரே முழுதாக இறங்க ஏறத்தாழ 12 ஜிபி வேண்டும். எங்கள் ரவுட்டரின் பொதியில் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை தனி ஒதுக்கீடு உண்டு. பகலில் 12 ஜிபியைச் செலவழித்தால் மாதத்தின் மீதி நாட்களுக்குக் கடையில் இணையம் இருக்காது. கணக்குப் போட்டேன். எட்டு மணி நேரத்துக்குள் 12 ஜிபி இறங்க வேண்டுமானால் நொடிக்குச் சராசரியாக 3.3 மெகாபிட் வேண்டும். மாலை ஏழு மணிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மெகாபிட்டும் கிடைக்காத நாட்கள் உண்டு, அந்த வேகத்தில் ஒரு நாளுக்கும் மேலாகும். ஊர் தூங்கிய பிறகு ஐந்து, ஆறு கிடைக்கும். ஆக, நள்ளிரவைத் தவிர வேறு வழியில்லை.

16ஆம் தேதி பெட்டரி வந்தது. பொருத்தி, முழுதாக மின்னேற்றி, கடிகாரத்தைத் திரும்பவும் சரிசெய்தேன். நள்ளிரவுக்குச் சரியாகத் தொடங்கினேன். ஒன்று இருபதுக்கு மின்சாரம் போனது. புதிய பெட்டரியில் கணினி அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரவுட்டர் அணைந்துவிட்டது. ஐம்பது நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தபோது, நிறுவி விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, முதலிலிருந்து கேட்டது. கணினியைக் காக்க இத்தனை பாடுபட்டுவிட்டு, அது நம்பியிருந்த ரவுட்டரைச் சுவரில் தனியாக விட்டிருந்தேன். இந்தத் தவறு என்னுடையது.

2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், ரவுட்டரை மட்டும் தாங்கும் 12 வோல்ட் சிறு யூபிஎஸ்கள் இங்கே கடைக்குக் கடை விற்றன. ஒன்று என் வீட்டில் கிடந்தது. மறுநாள் இரவு அதைக் கொண்டுவந்து மாட்டினேன். ரவுட்டரை உள்மேசையிலிருந்து தூக்கி, கோபுரம் இருக்கும் மலையைப் பார்க்கும் ஜன்னலில் வைத்தேன். கடையின் மற்ற கருவிகளை எல்லாம் வைஃபையிலிருந்து வெளியேற்றினேன். 12.05க்குத் தொடங்கியது 4.50க்கு இறங்கி முடிந்தது. சராசரி 5.6 மெகாபிட். இடையில் மூன்று மணியளவில் சில நிமிடம் மின்சாரம் தடைப்பட்டது. இந்த முறை எதுவும் நிற்கவில்லை. நிறுவல் இன்னொரு முக்கால் மணி நேரம் எடுத்தது. வட்டை அழிக்காமல் மேலேயே நிறுவியதால், ஐந்தே முக்காலுக்கு அவருடைய பழைய முகப்புப் படமே திரையில் வந்தது: தேயிலைச் சரிவும் மேலே ஒரு மாடன் கோயிலும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் கேட்கக்கூடும். 2020 மே மாதத்தில் வெளிவந்த 2004 என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ் 10இலும் முகிலிலிருந்து, அதாவது மைக்ரோசொஃப்ட் சேவையகத்திலிருந்து, இறக்கி மீட்டமைக்கும் வழி இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 4 ஜிபி போகும். ஆனால் அதன் மீட்புச் சூழலாவது வட்டில் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் 8 ஜிபி பென் டிரைவில் ஒருமுறை நிறுவியை ஏற்றி வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

அதையே மெக்குக்கும் செய்தேன். அன்றிரவு ஒதுக்கீட்டில் மீதமிருந்ததைக் கொண்டு, மீண்டு எழுந்த அந்தக் கணினியிலேயே மொன்டரேயின் முழு நிறுவியையும் இறக்கத் தொடங்கினேன். எட்டு மணிக்குள் முடியவில்லை. ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு இன்னும் ஓர் இரவு கணினியைக் கடையில் வைத்து, 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் தொடக்க வட்டாக ஆக்கினேன். இதைக்கொண்டு நிறுவும்போதும் அந்தந்தக் கணினிக்குரிய சில தகவல்களுக்காகச் சிறிது இணையம் தேவைப்படும். அதற்குக் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டே போதும்.

20ஆம் தேதி, சனிக்கிழமை, ஆசிரியை வந்து வாங்கிக்கொண்டார். காமன் கூத்து இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது: கணினியில், அவருடைய வெளி வட்டில், தலவாக்கலையில் இருக்கும் அவருடைய தங்கையின் வீட்டில். அடுத்த மாதம் கொட்டகலையிலிருந்து இதே வகைக் கணினி ஒன்று வந்தது. அதிலும் குறுக்குக் கோடு போட்ட வட்டம். கோப்புகளை எடுத்து முடித்தபின், மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பென் டிரைவை எடுத்தேன். சொருகுவதற்கு முன் ‘டேட்’ என்று தட்டிப் பார்த்தேன். நாள் சரியாக இருந்தது. பட்டப்பகலில், ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.